சிசிலியாவின் வழக்குரை

மட்டக்களப்பில் சிசிலியா என்றால் முதலில் பாடசாலைதான் நினைவுக்கு வரும். காலையில் நாவற்குடாவிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி ரவுணுக்குப் போகும் பஸ்களில் வெள்ளைச் சீருடைகள் நெருக்கியடித்து நிற்கும். வின்சன்டுக்குப் போகும் பிள்ளைகளும் சிசிலியாவுக்குப் போகும் பிள்ளைகளும் அவற்றில் இருப்பார்கள். பாடசாலைக்குப் பெயர் தந்தவள் யார் என்று கேட்டால், இசைக்குப் பாதுகாவலியான புனிதை என்று பதில் வரும். படங்களில் அவள் கையில் ஓர்கன் இருக்கும், கண்கள் வானத்தைப் பார்த்திருக்கும். நவம்பர் 22 அவளுடைய திருநாள்.

பதிலில் பிழையில்லை. ஆனால் அவளுடைய கதையின் பழைய வடிவத்தை வாசிக்கிறவருக்கு ஒரு திகைப்பு காத்திருக்கிறது. அதில் அவள் எந்தக் கருவியையும் தொடுவதில்லை. அவள் பாடுகிறாள்தான், அந்தப் பாட்டு ஒருவர் காதிலும் விழுவதில்லை. அவள் குரல் ஓங்கி ஒலிக்கும் இடம் நீதிபதியின் முன்னிலை. அங்கே அவள் வாதாடுகிறாள். வைகாசி பிறந்தால் ஒலிபெருக்கியில் கண்ணகி வழக்குரை கேட்டு வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு அவளை அடையாளம் காண இந்த இடம் போதும்.

கதை ஐந்தாம் நூற்றாண்டில் இலத்தீனில் எழுதப்பட்டது. உரோமையின் உயர்குடியில் பிறந்த சிசிலியாவுக்கும் வலேரியான் என்ற இளைஞனுக்கும் திருமணம். மேளதாளம் முழங்குகிறது. அந்த ஆரவாரத்தின் நடுவே மணப்பெண், தன்னைக் களங்கமில்லாமல் காக்கும்படி மனதுக்குள்ளே கடவுளை நோக்கிப் பாடிக்கொண்டிருக்கிறாள். அன்றிரவு கணவனிடம், தன்னைக் காவல் செய்யும் தேவதூதன் ஒருவன் இருப்பதாகச் சொல்கிறாள். அவனைப் பார்க்க வேண்டும் என்கிறான் வலேரியான். ஆப்பியா நெடுஞ்சாலையில் மூன்றாம் மைல்கல் வரை போ, அங்கே ஏழைகள் உனக்கு வழி காட்டுவார்கள், கல்லறைகளுக்கிடையே ஒளிந்திருக்கும் ஊர்பன் என்ற முதியவரிடம் ஞானஸ்நானம் பெற்று வா என்று அனுப்புகிறாள். அவன் திரும்பி வந்தபோது தேவதூதன் நிற்கிறான், ரோஜாவும் லீலியும் தொடுத்த இரண்டு முடிகளோடு. வலேரியானின் தம்பி திபூர்சியு வீட்டுக்குள் வந்ததும், பூக்காத பருவத்தில் இந்த வாசம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறான். அவனும் மனம் மாறுகிறான். கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களின் உடல்களை எடுத்து அடக்கம் செய்கிறார்கள் என்ற குற்றத்துக்காகச் சகோதரர் இருவரும் கொல்லப்படுகிறார்கள். அடுத்து சிசிலியாவின் முறை.

நகர அதிபதி அல்மாக்கியு, உயிர் கொடுக்கவும் உயிர் எடுக்கவும் தனக்கு அதிகாரம் உண்டென்று பெருமை பேசுகிறான். சிசிலியா அதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்கிறாள். உயிரோடு இருப்பவனை நீ கொல்லலாம், செத்தவனுக்கு உன்னால் உயிர் தர முடியுமா? முடியாதென்றால் உன்னை மரணத்தின் ஊழியன் என்று சொல்வதே பொருத்தம் என்கிறாள். ஆளுகிறவர்களின் அதிகாரம் காற்றடைத்த தோற்பை மாதிரி, ஊசி பட்டால் அவ்வளவுதான் என்கிறாள். சிலைகளுக்குப் பலியிடச் சொன்னபோது, கண்ணால் பார்த்துத் தெரியவில்லையென்றால் கையால் தொட்டுப் பார், கல் என்று தெரியும் என்கிறாள். இந்தப் பேச்சில் பக்தியின் குழைவு துளியும் இல்லை. எதிராளியின் வாக்குமூலத்தை எடுத்து அவன்மேலேயே திருப்பும் வழக்கறிஞரின் சாதுரியம் இருக்கிறது.

அதிபதி அவளை அவள் வீட்டின் வெந்நீர் அறையில் அடைத்து அனலில் வேகவைக்க உத்தரவிடுகிறான். ஓர் இரவும் ஒரு பகலும் அந்த வெக்கைக்குள் அவள் குளிர்ந்த இடத்தில் இருப்பவளைப் போல இருக்கிறாள், வியர்வைகூட இல்லை. பிறகு கொலையாளி வருகிறான். மூன்று வெட்டுக்குமேல் வெட்டச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. மூன்றும் விழுந்தும் தலை துண்டாகவில்லை. மூன்று நாள் உயிரோடிருந்து, உள்ளதையெல்லாம் ஏழைகளுக்குப் பகிர்ந்து, வீட்டைக் கோவிலாக்கச் சொல்லிவிட்டு இறக்கிறாள். உரோமையின் திராஸ்தேவெரே பகுதியில் இன்று அவள் பெயரில் நிற்கும் பேராலயம் அந்த வீடிருந்த இடம் என்பது நம்பிக்கை. பழைய உரோமைக் குளியலறை ஒன்றின் எச்சங்களையும் அங்கே காட்டுகிறார்கள்.

வரலாற்றாசிரியர்கள் இந்தக் கதையிடம் தயவு காட்டவில்லை. உரோமைத் திருச்சபை தன் வேதசாட்சிகளின் நினைவு நாட்களைக் குறித்து வைத்த 354ஆம் ஆண்டுப் பட்டியலில் சிசிலியாவின் பெயர் இல்லை. கதையில் முதியவராக வரும் ஊர்பன் பாப்பரசராக இருந்தது 222 முதல் 230 வரை. அப்போது பேரரசன் அலெக்சாந்தர் செவெருஸ், கிறிஸ்தவர்களை வேட்டையாடியவன் என்று பெயரெடுக்காதவன். சிசிலியா என்ற பெயரில் ஒரு பெண் வாழ்ந்து, ஒரு கல்லறையும் ஒரு கோவிலும் அவள் நினைவைத் தாங்கியிருக்கலாம். தேவதூதன், பூமுடி, வெந்நீர் அறை, வாதம் எல்லாம் இருநூறு ஆண்டுக்கு மேல் கழித்து ஓர் எழுத்தாளன் கட்டியவை.

எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. கட்டியவன் எதைக் கட்டினான்? அற்புதங்களைக் கட்டினான், சரி. அதோடு ஒரு நீதிமன்றத்தையும் கட்டினான். கொல்லப்பட்டவள் பேசுவதற்கு ஓர் இடம், கொல்கிறவன் உட்கார்ந்து கேட்டே ஆகவேண்டிய ஓர் ஆசனம். ஆதி வேதசாட்சிகளின் கதைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். அலெக்சாந்திரியாவின் கத்தரீனாள் ஐம்பது தத்துவவாதிகளோடு வாதாடி வெல்கிறாள். லூசியா நீதிபதியை மடக்குகிறாள். வாளால் சீவிவிட்டுப் போகவேண்டிய இடத்தில் இந்தக் கொடுங்கோலர்கள் நின்று வாதம் செய்கிறார்கள், தோற்கிறார்கள், தோற்றபின் கொல்கிறார்கள். நடந்திருக்க முடியாத விஷயம் தேவதூதன் வந்தது என்று நாம் நினைக்கிறோம். அதைவிட நம்பக் கடினமானது, அதிகாரம் அவ்வளவு நேரம் பொறுமையாகக் காது கொடுத்தது.

ஓவியர்கள் இந்த வாதத்தைக் கைவிட்டார்கள். ராவென்னா நகரின் ஆறாம் நூற்றாண்டு மொசைக் சித்திரத்தில் சிசிலியா மற்றக் கன்னியரோடு வரிசையில் நடக்கிறாள், கையில் முடி மட்டும். பதினைந்தாம் நூற்றாண்டில் அந்தக் கைக்கு ஒரு சிறு ஓர்கன் வந்து சேருகிறது. திருமண வீட்டில் யாரோ வாசித்த கருவிகள் மெல்ல மெல்ல அவளுடைய கருவிகளாகிவிட்டன. எந்த மேளத்துக்குக் காதை மூடிக்கொண்டு உள்ளே பாடினாளோ, அந்த மேளத்துக்கே அவள் தலைவியானாள். 1585இல் உரோமையின் இசைக்கலைஞர்கள் பாப்பரசரின் அங்கீகாரத்தோடு சங்கம் அமைத்தபோது தங்கள் பாதுகாவலர்களில் ஒருத்தியாக அவளையும் வைத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கம் இன்றும் அவள் பெயரிலேயே இயங்குகிறது.

இந்த முரணை ரஃபாயேல் கண்டுபிடித்திருக்கிறார் என்று தோன்றுகிறது. 1510களில் பொலோஞ்யா நகரத்து எலேனா துலியோலி என்ற பெண்மணிக்காக அவர் தீட்டிய ஓவியம் அந்த நகரத்தின் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. எலேனாவும் மணம் முடித்துக் கன்னியாகவே வாழ்ந்தவள் என்று பெயர் பெற்றவள். ஓவியத்தின் நடுவில் சிசிலியா நிற்கிறாள். கையில் ஓர்கன் உண்டு, ஆனால் குழாய்கள் தரையைப் பார்த்திருக்கின்றன. ஒன்றிரண்டு குழாய்கள் சட்டத்திலிருந்து கழன்று நழுவுகின்றன. காலடியில் நரம்பு விட்ட வயோல், தாளக் கருவிகள், குழல்கள், அரங்கு முடிந்து எறிந்துவிட்டுப் போனவை போலச் சிதறிக் கிடக்கின்றன. மேலே மேகம் விலகிய இடத்தில் ஆறு தேவதூதர்கள் ஏட்டைப் பார்த்துப் பாடுகிறார்கள், அவர்களிடம் வாத்தியம் எதுவும் இல்லை. சிசிலியாவின் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. பவுல் தரையில் கிடக்கும் கருவிகளைக் குனிந்து பார்த்து யோசிக்கிறார், மகதலேனாள் நம்மைப் பார்க்கிறாள். பழைய கதையில் அவள் மனசுக்குள் பாடும் பாட்டை நிறத்தில் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ரஃபாயேலிடமும் அவள் வாய் மூடியே இருக்கிறது. அல்மாக்கியுவுக்கு அந்தப் படத்தில் இடமில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் கருவியை நிமிர்த்தி வைத்து அவளை வாசிக்கவே விட்டுவிட்டார்கள். தொமேனிகினோ அவளுக்கு வயோல் கொடுத்தார், அர்தெமிசியா ஜெந்திலெஸ்கி வீணை போன்ற லூட் கொடுத்தார்.

சிற்பம் இன்னும் ஒரு படி போனது. 1599 ஒக்டோபரில் கர்தினால் ஸ்ஃபொந்திராத்தி திராஸ்தேவெரே ஆலயத்தைப் புதுப்பிக்கும்போது சிசிலியாவின் பேழையைத் திறந்தார். 821இல் பாப்பரசர் முதலாம் பஸ்கால் நிலத்தடிக் கல்லறையிலிருந்து எடுத்துவந்து வைத்த உடல் அது. அழியாமல் இருந்ததாகச் சாட்சி சொன்னார்கள், மேலே போர்த்தியிருந்த துணியை விலக்கிப் பார்க்கவில்லை. இருபத்திநான்கு வயது தாண்டாத ஸ்தேபானோ மதெர்னோ அடுத்த ஆண்டு அதைப் பளிங்கில் செதுக்கினார். பக்கவாட்டில் படுத்த உடல், மடங்கிய முழங்கால், கழுத்தில் மெல்லிய வெட்டுக் கோடு. முகம் துணிக்குள் மறுபக்கம் திரும்பியிருப்பதால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியாது. கைகள் முன்னே நீண்டிருக்கின்றன. வலக்கையில் மூன்று விரல், இடக்கையில் ஒன்று. கடவுள் மூவர், கடவுள் ஒருவர் என்று சாகும்போதும் சொன்னாள் என்பது பக்தர்களின் விளக்கம். அந்த விளக்கத்தை ஏற்றால், அல்மாக்கியுவோடு நடந்த வாதத்தில் கல்லுக்குள் மிச்சம் கிடப்பது அந்த நான்கு விரல்தான்.

எழுத்தில் அவளுக்குக் கொஞ்சம் நியாயம் கிடைத்தது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் தன் கன்டர்பரிக் கதைகளில் இரண்டாவது கன்னியாஸ்திரீயின் வாயால் சிசிலியாவின் கதையைச் சொல்லவைத்தபோது விசாரணையை முழுசாக வைத்துக்கொண்டார். ஊசி பட்ட தோற்பையும் அதில் உண்டு. மூன்று நூற்றாண்டு கழித்து டிரைடன் 1687இலும் 1697இலும் அவளுடைய நாளுக்குப் பாட்டெழுதினார், ஹென்டல் இரண்டுக்கும் இசையமைத்தார். அங்கே அவள் இசையின் பெயர் மட்டுமே. பிறகு 1810இல் ஜேர்மன் எழுத்தாளர் கிளைஸ்ட் அவளை வைத்து ஒரு பயங்கரமான கதை எழுதினார். ஆகன் நகரத்துக் கன்னியர் மடத்தை உடைக்க வந்த நான்கு சகோதரர்கள் பூசையில் எழுந்த இசையைக் கேட்டு உறைந்துபோகிறார்கள். அதன் பிறகு பைத்தியசாலையில் இருந்துகொண்டு ஒவ்வொரு நள்ளிரவிலும் எழுந்து, கேட்பவர் குலைநடுங்கும் குரலில் வானவர் கீதத்தைப் பாடுகிறார்கள். அன்று இசையை நடத்திய சகோதரி அந்த நேரத்தில் நினைவிழந்து படுக்கையில் கிடந்தாள் என்று பிறகு தெரியவருகிறது. அப்படியானால் நடத்தியது யார்? கிளைஸ்டிடம் வாதமும் இல்லை, விசாரணையும் இல்லை. இசையே எழுந்து நின்று தீர்ப்பு வழங்கிவிடுகிறது.

குரல் கேட்கிறது, பாடுபவர் தெரியவில்லை என்பது மட்டக்களப்பாருக்குப் புதிய செய்தியல்ல. நிலாக்காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் விட்டு அதன் மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். 1848இல் எமர்சன் டெனன்ட் இரவில் தோணியில் போய்க் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவரும் அங்கே கற்பித்தவருமான விபுலானந்த அடிகள் அந்த நீரொலிக்கு நீரர மகளிரைப் பாடினார். உடல் தெரியாத ஒலிக்கு ஓர் உருவம் கொடுக்காமல் மனித மனம் அடங்காது. உரோமையில் ஒரு பெண்ணின் உள்ளத்துப் பாட்டுக்கு ஓர்கன் கொடுத்ததும் அதே மனம்தான்.

ஆனால் வாதத்தை மறக்காத ஒரு மரபும் நம்மிடம் இருக்கிறது. செட்டிபாளையத்திலும் மகிழடித்தீவிலும் இன்னும் பல ஊர்களிலும் வைகாசியில் கண்ணகை அம்மன் கதவு திறந்தால், வழக்குரை படிக்கப்படும். வி. சீ. கந்தையா பதிப்பித்து 1968இல் நூலாக வந்தது அது. இளங்கோவின் காவியத்திலிருந்து எத்தனையோ விதத்தில் விலகிப் போகிற அந்தப் பாடலுக்கு ஊர் வைத்த பெயரைக் கவனியுங்கள். கண்ணகியின் திருமணமோ, அவள் எரித்த மதுரையோ தலைப்பாகவில்லை. அரசன் முன்னால் அவள் வழக்குப் பேசியது தலைப்பாயிற்று. முடிவில் குளிர்த்தி. அவள் உடம்பில் ஏறிய அனல் ஆறவேண்டும், இல்லையென்றால் ஊர் தாங்காது. சிசிலியாவின் அனல் வெளியே, அவள் உள்ளே குளிர்ந்திருக்கிறாள். கண்ணகியின் அனல் உள்ளே, ஊர் கூடி அவளைக் குளிர்விக்கிறது. எரியும் இடம் மாறினாலும் இருவருக்கும் முன்னால் ஒரே காட்சி: அநியாயம் செய்த அதிகாரம் ஒரு பெண்ணின் வாய்ச்சொல் முடியும்வரை எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறது.

தமிழ்க் கத்தோலிக்கர் வேதசாட்சிகளைப் பாட எடுத்துக்கொண்ட வடிவங்களும் பேச்சுக்கு இடம் தருபவையே. வீரமாமுனிவர் கித்தேரியம்மாளின் கதையை அம்மானையாகப் பாடினார். பெண்கள் விளையாட்டில் கேள்வியும் பதிலுமாக வளர்ந்த வடிவம் அது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் புனிதர்களின் கதை கூத்தாயிற்று. கூத்தில் அரசன் கொலுவுக்கு வந்தால் தர்க்கம் வராமல் இராது. அண்ணாவியார் மத்தளத்தில் தாளத்தை முறுக்க, ஒருவர் பாட்டால் குத்த, மற்றவர் பாட்டால் திருப்பிக் குத்த, விடியற்காலைத் தூக்கம் போய்ச் சனம் நிமிர்ந்து உட்காரும். அல்மாக்கியுவும் சிசிலியாவும் எதிரெதிரே நின்று தர்க்கிக்கக் கூத்தின் வட்டக்களரியைவிடப் பொருத்தமான இடம் ஐரோப்பாவில் அமைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் நாவற்குடாவில் இருந்துகொண்டு யோசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிருந்து தெற்கே கொஞ்சத் தூரத்தில் காத்தான்குடி. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு அங்கே மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுசைனியாப் பள்ளிவாசலிலும் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, லூசியானாவில் பிறந்து 1948இல் இலங்கைக்கு வந்த யேசுசபைத் துறவி யூஜீன் ஹேபர்ட், மட்டக்களப்புப் பையன்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவர், வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் புறப்பட்டார். கூடவே ஒரு தமிழ் இளைஞன். இருவரும் வந்து சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. செப்டம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் குழந்தைகள் உட்பட 180க்கு மேற்பட்ட தமிழர்களைப் படையினர் கூட்டிச் சென்று கொன்றார்கள். ஐந்தாறு வாரங்களுக்குள், ஒரே வாவியின் ஓரங்களில். காத்தான்குடி தன் இறந்தவர்களை ஷுஹதாக்கள், அதாவது தியாகிகள், என்கிறது. ஒவ்வொரு சமூகத்திடமும் அதற்கென்று ஒரு சொல், ஒரு நாள், ஒரு கல் இருக்கிறது.

இவர்களில் ஒருவரிடமும் யாரும் கேள்வி கேட்கவில்லை. விக்கிரகத்துக்குப் பலியிடு, விட்டுவிடுகிறேன் என்று சொல்ல ஓர் அல்மாக்கியு வரவில்லை. மூன்று வெட்டுக்குமேல் கூடாதென்ற சட்டமும் அங்கே செல்லவில்லை. சிசிலியாவின் கதையில் அற்புதமாகத் தெரிவது உண்மையில் மூன்று மிகச் சாதாரண விஷயங்கள்: விசாரித்தார்கள், பேசவிட்டார்கள், உடலைக் கொடுத்தார்கள். அந்த ஐந்தாம் நூற்றாண்டு எழுத்தாளனின் ஊரிலும் முன்னொரு காலத்தில் இந்த மூன்றும் இல்லாமல் கொல்லப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்குக் கிடைக்காத விசாரணையைத் தாமதமாக, கதையில் நடத்தினான். இதைப் பொய் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆணைக்குழுக்கள் சாட்சியம் பதிந்து, அறிக்கை எழுதி, ஒருவரும் தண்டிக்கப்படாமல் முப்பத்தைந்து ஆண்டு கடந்த ஊரில் இருப்பவனுக்கு அந்த எழுத்தாளனின் அவசரம் விளங்குகிறது.

விளங்குவதோடு ஓர் அச்சமும் வருகிறது. வாய் மூடிய இறந்தவர் கையில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். சிசிலியாவுக்கு ஓர்கன் வைத்தார்கள், அதில் கேடில்லை. கொடியை வைத்தால், பழிவாங்கும் சபதத்தை வைத்தால் கேடுண்டு. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் பிள்ளைகளைக் கொன்றவனும் தன்னைத் தியாகி என்று நம்பித்தான் வந்தான். பழைய கதை இந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. அதில் கொல்கிறவன் ஒருவன், சாட்சி சொல்கிறவள் வேறொருத்தி. அவள் கையில் இருந்ததெல்லாம் வாதம். அதை அவளிடமிருந்து எடுத்துவிட்டு இசையை மட்டும் கொடுத்தபோது, இறந்தவர்களை நம் இஷ்டத்துக்குப் பாடவைக்கும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

ஆகவே ஒரு யோசனை. நவம்பர் 22ஐ இசையோடு கொண்டாடுகிறவர்கள், அன்றைக்கு ஒரு விவாதப் போட்டியையும் வைக்கலாம். தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, பறங்கிப் பிள்ளை என்று எல்லாரும் மேடையேறட்டும். தலைப்பைத் தேடி அலையத் தேவையில்லை, ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன்னரே அவள் வாயில் வைத்து எழுதிவிட்டார்கள்: உயிர் கொடுக்கத் தெரியாதவனுக்கு உயிர் எடுக்க அதிகாரம் உண்டா? எதிர்த்தரப்பில் நின்று அல்மாக்கியுவுக்காக வாதாட வேண்டிய பிள்ளைதான் பாவம்.